இருபத்தோராவது முறை எதற்கு?

அம்மா பார்த்துக்கொண்டிருந்த தொடரில் ஒரு நாத்தனார். தன் அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பியது அண்ணி வீட்டார்தான் என்று நம்பிக்கொண்டு, ஏறக்குறைய ஒன்றரை வருடம் அந்த அண்ணியைப் படாதபாடு படுத்தினாள். திருட்டுப் பழி, மாடிப்படியில் எண்ணெய், வளைகாப்பன்று மயக்க மருந்து. ஒரு வெள்ளிக்கிழமை உண்மை வெளியே வந்தது. அப்பாவை மாட்டிவிட்டது அவருடைய தொழில் கூட்டாளி. அண்ணி வீட்டார் ஜாமீனுக்காக அலைந்தவர்கள். நாத்தனார் கோயில் தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அண்ணி கட்டிக்கொண்டாள். பின்னணியில் வயலின் அழுதது. அம்மாவும் அழுதார்.

திங்கட்கிழமை பார்த்தால், நாத்தனார் அடுப்படியில் நின்று அண்ணியின் பாலில் எதையோ கலக்கிக்கொண்டிருக்கிறாள்.

“அதான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்திருச்சே! இன்னும் எதுக்குடி உனக்கு?” என்று அம்மா டிவியைப் பார்த்துக் கேட்டார்.

சாய்வு நாற்காலியில், ஊசி குத்திய இடது கையைத் தனியாக நீட்டி வைத்துக்கொண்டு படுத்திருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்: “பழகிருச்சு.”

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த ஒற்றைச் சொல் இன்னும் என்னை விடவில்லை. தொடரைப் பொறுத்தவரை பதில் எளிது. வில்லி திருந்திவிட்டால் நாளை ஒன்பது மணிக்கு எதைக் காட்டுவது? சரி. ஆனால் விளம்பர இடைவேளை இல்லாத காலத்துக் கதைகளிலும் இதே ஆட்கள் இருக்கிறார்களே. காரணம் தீர்ந்துபோன பிறகும் அட்டூழியத்தை நிறுத்தாதவர்கள். அவர்களில் ஒருவருக்கு நாம் அவதாரப் பட்டமே கொடுத்து வைத்திருக்கிறோம்.

அவரைப் பற்றிப் பேச்சு வந்தது டயாலிசிஸ் நிலையத்தில். அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள்: திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். சர்க்கரை வந்து சிறுநீரகத்தைத் தின்று, போகிற போக்கில் கண்ணையும் பாதி எடுத்துக்கொண்டது. வாழ்நாள் முழுக்கப் படித்த மனிதருக்கு எழுத்து தெரியவில்லை. அதனால் நாற்காலி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நான் படிப்பேன், அவர் கேட்பார். பெரும்பாலும் பாரதம். அவருக்கு மனப்பாடமான கதைதான். ஆனாலும் நான் ஒரு பெயரைத் தவறாக உச்சரித்தால், மெஷின் கத்துவதற்கு முன்பே அவர் கத்திவிடுவார்.

எங்கள் வீடு கோலாலம்பூரில், செந்தூலில். அலுவலகம் ஹங் துவா ஸ்டேஷன் பக்கம். செந்தூல் தீமோர் ரயில் நேராக அங்கே வந்து நிற்கும். ஐந்தரை மணிக்கு அப்பாவை நாற்காலியில் உட்காரவைக்க வேண்டுமென்றால், நான் நான்கு மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். எங்கள் பிரிவின் தலைவி ஒரு மலாய்ப் பெண்மணி. எல்லாரும் ‘காக்’ (அக்கா) என்றுதான் கூப்பிடுவோம். தயங்கித் தயங்கிக் கேட்டேன். “அப்பா விஷயத்துக்கு என்ன கேள்வி? போ” என்று முடித்துவிட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. அந்த ‘போ’ ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் வாரத்தில் மூன்று நாள் நான்கு மணிக்கு எழுந்து போனேன்.

பரசுராமர் கதை தெரிந்ததுதான், இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன். கார்த்தவீரியார்ச்சுனன் ஜமதக்னி முனிவரின் ஆசிரமத்துக்கு வந்து, பசுவின் கன்றைப் பிடுங்கிக்கொண்டு போனான். பரசுராமர் துரத்திப் போய் அவனுடைய ஆயிரம் கைகளையும் வெட்டி, ஆளையும் முடித்தார். அவன் பிள்ளைகள், பரசுராமர் இல்லாத நேரம் பார்த்து, தவத்தில் இருந்த ஜமதக்னியைக் கொன்றார்கள். பரசுராமர் திரும்பி வந்து அந்தப் பிள்ளைகளையும் கொன்றார். கணக்கு இதோடு தீர்ந்துவிட்டது. கன்றைத் திருடியவன் இல்லை, அப்பாவைக் கொன்றவர்களும் இல்லை. ஆனால் கோடரி கீழே இறங்கவில்லை. அரச குலத்தில் பிறந்தவர்களையெல்லாம் 21 முறை தேடித் தேடி வெட்டினார். குருக்ஷேத்திரத்துப் பக்கம் 5 மடுக்கள் இரத்தத்தால் நிரம்பின என்று பாரதம் சொல்கிறது.

அப்பா ஊசி இல்லாத கையின் விரலை மடக்கினார். “ஒண்ணாவது தடவை அப்பாவுக்காக. சரி. ரெண்டாவது தடவை யாருக்காக?”

பாரதத்திலேயே சாந்தி பர்வத்தில் இன்னொரு துண்டு இருக்கிறது. எனக்கு அதுதான் பயங்கரம். ஒரு கட்டத்தில் பரசுராமர் போதும் என்று காட்டுக்குத் தவம் செய்யப் போய்விடுகிறார். ஆயிரக்கணக்கான வருடங்கள் கழிகின்றன. அப்போது விசுவாமித்திரரின் பேரன் பராவசு என்பவன் கூட்டத்தின் நடுவே அவரைக் குத்திக்காட்டுகிறான்: அரசர்களை ஒழித்தேன் என்று பீற்றிக்கொள்கிறீரே, யயாதியின் வேள்விக்கு வந்திருந்த இவர்களெல்லாம் யார்? அவ்வளவுதான், மறுபடியும் ஆயுதத்தைத் தூக்கிவிட்டார். அப்பாவின் சாவு எங்கேயோ பின்னால் போய்விட்டது. இப்போது ‘சொன்னதைச் செய்யவில்லை’ என்று ஒருவன் சிரித்துவிட்டான், அதுவே போதுமாக இருக்கிறது.

கதை சொன்னவர்களுக்கும் இது உறுத்தியிருக்கிறது. அதனால்தான் பிற்காலத்தில் ஒரு விளக்கத்தைக் கொண்டுவந்து செருகினார்கள். கணவனின் உடலைப் பார்த்து ரேணுகை 21 முறை மார்பில் அடித்துக்கொண்டாளாம். அதனால் 21 முறை. எண்ணிக்கைக்கும் ஒரு சாக்கு! தாய் ஒரு கை குறைவாக அடித்துக்கொண்டிருந்தால் ஒரு தலைமுறை பிழைத்திருக்கும் போலிருக்கிறது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை அடுத்த நாற்காலியில் இருந்த பாக்சிக் (மலாயில் மாமா) கவனித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், மலாய் இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர். (இந்தப் பக்கத்து நாற்காலியில் ஒரு சீன அங்கிள். டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். அந்த இரண்டு எடையையும் சேர்த்து நாலு நம்பர் லாட்டரி எழுதுவார். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அடித்ததில்லை.) என்ன கதை என்று பாக்சிக் கேட்டார். அப்பா தன் தோட்டத்து மலாயில் கோடரி, கன்றுக்குட்டி, 21 எல்லாவற்றையும் சொன்னார். பாக்சிக் சிரித்தார். “இது எங்க ஜெபாட் மாதிரி இருக்கே.”

ஹங் துவா கதை இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். ஆனால் பள்ளியில் கேட்டது ஒன்று, அந்த நாற்காலியிலிருந்து கேட்டது வேறு. மலாக்கா சுல்தானிடம் யாரோ கோள் மூட்ட, சுல்தான் துவாவைக் கொல்லச் சொல்கிறார். முதலமைச்சரான பெண்டஹாரா கொல்லாமல் ஒளித்து வைக்கிறார். துவா செத்துவிட்டான் என்று ஊரே நம்புகிறது. அவனுடைய பதவியும் தாமிங் சாரி என்ற கிரிஸ் குத்துவாளும் உயிர் நண்பன் ஜெபாட்டுக்குப் போகின்றன. குற்றமே செய்யாத நண்பனைக் கொன்றார்களே என்று ஜெபாட் அரண்மனையைப் பிடித்துக்கொள்கிறான். சுல்தான் வெளியேறி பெண்டஹாரா வீட்டில் போய்த் தங்க வேண்டியதாகிறது. அனுப்புகிற ஆட்களையெல்லாம் ஜெபாட் விரட்டி அடிக்கிறான். அரண்மனைப் பெண்களோடு அவன் அடித்த கொட்டத்தைச் சொல்லும்போது, பாக்சிக் நர்ஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

துவா மட்டும் இருந்திருந்தால் என்று சுல்தான் வருந்த, பெண்டஹாரா உண்மையைச் சொல்ல, துவா வருகிறான். ஜெபாட்டைக் கொல்வதற்காக.

இந்த இடத்தில் பாக்சிக் நிறுத்தினார். நல்ல வாத்தியார், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். செத்த நண்பனுக்காகத்தான் இவ்வளவும். அந்த நண்பன் இப்போது உயிரோடு படியில் நிற்கிறான். ஜெபாட் என்ன சொன்னான்? நீ உயிரோடு இருப்பது தெரிந்திருந்தால் இந்தக் காரியத்தில் இறங்கியே இருக்கமாட்டேன் என்றான். சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தான்.

தந்திரமாகத் தாமிங் சாரியைப் பிடுங்கித் துவா குத்துகிறான். ஜெபாட் அதோடும் நிற்கவில்லை. காயத்தைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு ஊருக்குள் இறங்கி, மூன்று நாள் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் வெட்டுகிறான். மலாயில் இந்த வெறிக்குப் பெயர் அமோக். அதற்குப் பிறகுதான் துவாவின் கையில் உயிர் போகிறது.

“பெக்காசாம் ஜாடிக்குள்ள கையை விட்டாச்சு, தோள் வரைக்கும் விட்டுடுன்னு எங்க பழமொழி” என்றார் பாக்சிக். உப்பில் ஊறிய மீன் அது. மணிக்கட்டு வரை நாறினாலும் நாற்றம்தான், தோள்வரை நாறினாலும் நாற்றம்தான்.

அப்பா உடனே, “முழுக்க நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்கு?” என்றார். அதை மலாயில் சொல்ல முயன்று, முக்காட்டுக்கு ‘துடோங்’ (முஸ்லிம் பெண்கள் தலையில் அணிவது) என்று போட, அதைக் கேட்டு அந்தப் பக்கம் ஒரு மாக்சிக் (மலாய் மாமி) முறைத்ததெல்லாம் தனிக் கதை.

ஜெபாட்டுக்குப் பிற்காலம் நன்றாகவே சாக்கு தேடிக் கொடுத்தது. காசிம் அகமது மாணவராக இருந்தபோது எழுதிய ஆய்வு 1964-இல் நூலாக வந்தது. துவா மன்னனுக்கு அடிமை, ஜெபாட்தான் அநீதியை எதிர்த்தவன் என்ற வாதம் அதிலிருந்து பரவியது. அதற்கு முன்பே, 1956-இல் வந்த படத்தில் பி. ரம்லி துவாவாக நடித்திருக்கிறார். அதன் முடிவில், நண்பனைக் கொன்றுவிட்டு, யார் செய்தது சரி என்று துவா தன்னையே கேட்டுக்கொள்வான். 1961-இல் ஜெபாட்டின் பெயரிலேயே ஒரு படம் வந்துவிட்டது. இன்னொரு பழைய நூலான செஜாரா மெலாயுவிலோ, கலகம் செய்தது ஜெபாட்டே இல்லை, ஹங் கஸ்தூரி. கோலாலம்பூர் நகராண்மைக்கு இந்தச் சண்டையெல்லாம் வேண்டாம். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு சாலை. கஸ்தூரிக்கு சென்ட்ரல் மார்க்கெட் ஓரம், துவாவுக்குப் பழைய புடு சிறைவாசல் இருக்கிற சாலை, ஜெபாட்டுக்கு ஸ்டேடியம் நெகாரா பக்கம்.

மன்னனை எதிர்த்தது புரட்சி என்றே வைத்துக்கொள்வோம், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த மூன்று நாள்? காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்க வந்தவன் துவா மேல் கோள் மூட்டினானா? இதைப் பாக்சிக்கிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பரீட்சையில இந்தக் கேள்வி வராது” என்றார்.

இப்படித்தான் ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்த ஆரம்பித்தோம். விளையாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, நான் கண்ணகியைத் தொடும்வரை.

“கண்ணகியை விட்டுரு” என்றார் அப்பா.

விட்டிருக்கலாம். விடவில்லை. கோவலன் கள்வன் இல்லை என்று சிலம்பை உடைத்துக் காட்டியாயிற்று. யானே கள்வன் என்று பாண்டியன் அந்த இடத்திலேயே விழுந்து உயிரை விட்டான். கோப்பெருந்தேவியும் போய்ச் சேர்ந்தாள். நீதி என்று ஒன்று உண்டென்றால் அது அப்போதே, வட்டியோடு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மதுரை எரிகிறது. அதுவும் கண்மண் தெரியாத ஆத்திரத்தில் எரிந்ததாகச் சொல்ல முடியாது. தீக்கடவுள் வந்து யாரை விட்டுவிட வேண்டும் என்று கேட்கிறான். பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் என்று அவள் நிதானமாகப் பட்டியல் சொல்கிறாள். பட்டியல் போடுகிற அளவுக்கு நிதானம் இருந்தது, நிறுத்துகிற அளவுக்கு இல்லை.

“அந்தப் பொற்கொல்லன் உயிரோடதானடா இருந்தான்?” என்றார் அப்பா. குரலில் சூடு. நர்ஸ் வந்து இரத்த அழுத்தத்தைப் பார்த்தார்.

நியாயமான கேள்வி. உண்மையான திருடன் அவன்தான். ஆனால் அந்தப் பொற்கொல்லன் என்ற ஒரு ஆள் கதையில் எப்படி ஆயிரம் பேராகிறான் என்பதைப் பாருங்கள். பின்னால் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியைச் சாந்தப்படுத்த 1000 பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று சிலம்பின் முன்பகுதியிலேயே இருக்கிறது. ஒருவன் செய்த களவுக்கு ஆயிரம் பேர். இளங்கோவுக்கும் நகரம் எரிந்தது உறுத்தியிருக்க வேண்டும். ஆடி மாதத்துத் தேய்பிறை அட்டமி வெள்ளிக்கிழமையில் மதுரை எரியும் என்று முன்பே ஒரு வாக்கு இருந்ததாக மதுராபதித் தெய்வத்தின் வாயால் சொல்லவைக்கிறார். கோவலனின் முற்பிறவிப் பழியையும் எடுத்து வைக்கிறார். ரேணுகையின் 21 மார்படி மாதிரிதான் இதுவும்.

அப்பா அந்தப் புதன்கிழமை முழுக்க என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை ஏதாவது படி என்றார், சிலப்பதிகாரம் வேண்டாம் என்றார்.

எனக்கு ஆதங்கம் கைகேயி விஷயத்தில்தான். தன் மகன் ஆள வேண்டும் என்பது அவளுடைய காரணம். பரதன் வந்து முடியாது என்று சொன்னவுடன் அந்தக் காரணம் போய்விட்டது. அவளும் நிறுத்திவிட்டாள். அப்புறம் அவள் ஒரு சதியும் செய்யவில்லை. இராமனைத் திரும்ப அழைக்கக் காட்டுக்குப் போன கூட்டத்தில் அவளும் இருந்தாள். கங்கைக் கரையில் குகனுக்கு முன்னால் பெற்ற மகன் வாயாலேயே திட்டு வாங்கினாள். நிறுத்தியவள் பெயரை எந்தப் பெண் குழந்தைக்காவது வைக்கிறோமா? 21 முறை நிறுத்தாதவரைத் தசாவதாரத்தில் ஆறாவதாக வைத்துக் கும்பிடுகிறோம்.

கடைசியாக நாங்கள் படித்தது அசுவத்தாமன். அதை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. இரண்டு நாள் ஆனது.

துரோணரைப் பொய் சொல்லி ஆயுதம் போடவைத்துக் கொன்றார்கள். அவன் கோபத்துக்கு என்னைக் கேட்டால் பாரதத்திலேயே மிக நியாயமான காரணம் அதுதான். போர் முடிந்த இரவில், தூங்கிக்கொண்டிருக்கும் பாசறைக்குள் புகுகிறான். முதலில் தேடிப் போவது துரோணரின் தலையை வெட்டிய திருஷ்டத்யும்னனை. ஆயுதத்தால் கொன்று வீர சொர்க்கம் கொடுக்க மனமில்லாமல் உதைத்தே கொல்கிறான். கவனியுங்கள், முதல் ஆளிலேயே அப்பாவின் கணக்கு தீர்ந்துவிட்டது. விடிய இன்னும் நேரம் இருக்கிறது. அவன் அடுத்த கூடாரத்துக்குப் போகிறான். திரௌபதியின் பிள்ளைகள் ஐந்து பேர். சிகண்டி. அப்புறம் பெயர் இல்லாதவர்கள். தப்பி ஓடியவர்களை வாசலில் கிருபரும் கிருதவர்மனும் பார்த்துக்கொண்டார்கள்.

தொடை உடைந்து கிடந்த துரியோதனனிடம் போய்ச் சேதி சொல்கிறான். அவன் மகிழ்ந்து உயிரை விடுகிறான். இப்போது பழிவாங்கச் சொன்ன எசமானனும் இல்லை. பாண்டவர்கள் தேடி வந்து பிடித்தபோது ஒரு புல்லைக் கிள்ளி மந்திரம் சொல்லி அஸ்திரமாக விடுகிறான். அர்ச்சுனனும் பதிலுக்கு விடுகிறான். உலகம் அழிந்துவிடும், இருவரும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று முனிவர்கள் நடுவே வந்து நிற்கிறார்கள். அர்ச்சுனன் எடுத்துக்கொள்கிறான். அசுவத்தாமனால் முடியவில்லை. அந்த அஸ்திரத்தை விட மட்டும்தான் அவனால் முடியும். எங்கேயாவது அது விழுந்தாக வேண்டும். உத்தரையின் வயிற்றில் இருந்த குழந்தை மேல் விடுகிறான்.

படித்து நிறுத்தினேன். மெஷினின் பம்ப் சுற்றுகிற சத்தம் மட்டும். அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

“திரும்ப எடுக்கத் தெரியாததை அந்தப் பயலுக்கு எவன் சொல்லிக்குடுத்தான்?” என்றார்.

துரோணர்தான் சொல்லிக்கொடுத்தார். பிள்ளை நச்சரித்தானென்று, மனசில்லாமல்.

சென்ற மார்ச் மாதம் அப்பாவும் அம்மாவும் பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே டயாலிசிஸ் நிலையம் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம், அத்தானிடம் கார் இருக்கிறது, கீழ் வீடு, படி ஏற வேண்டியதில்லை. எல்லாருக்கும் நல்லது. சனிக்கிழமை கொண்டுபோய் விட்டுவிட்டு ஞாயிறு இரவு பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை நான்கு மணி. எழுந்தேன். யோசித்து எழவில்லை, கால் எழுந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிய பிறகுதான் இன்றைக்குப் போக வேண்டியதில்லையே என்று உறைத்தது. திரும்ப உட்கார்ந்திருக்கலாம். அடுத்த மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்து, “போங்க போங்க, அப்பா காத்திருப்பார்” என்றாள். போனேன்.

புதன்கிழமையும் போனேன். அப்புறம் ஏழு மாதம்.

நான் பொய் சொல்லவில்லை என்பதில் தெளிவாக இருந்தேன். யாரும் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது என் வேலையா? இரண்டு வருடம் அலைந்தவன், கொஞ்சம் மூச்சு விடக்கூடாதா? ஒரு நாள் அப்பாவுக்கு அவசரம் என்று போன் வந்தால், பழக்கத்தை விட்டுவிட்டு மறுபடியும் போய்க் கேட்டுக்கொண்டு நிற்பதா? பார்த்தீர்களா, ரேணுகை எத்தனை முறை மார்பில் அடித்துக்கொண்டாள் என்று எனக்கும் எண்ணத் தெரிந்திருக்கிறது.

அந்த இரண்டரை மணி நேரத்தை வைத்து நான் ஒன்றும் சாதிக்கவில்லை. மாமாக் கடையில் ஒரு தே தாரே டீ. துவா சாலையிலிருந்து ஜெபாட் சாலைக்கு நடை. 118 மாடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது. ஆறரைக்கு ரயில் ஏறி, மற்றவர்களைப் போலவே வீட்டுக்கு. நான் போன பிறகு வருகிற அழைப்புகளை எடுத்தது அந்த அடுத்த மேசைப் பெண். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பையன். ஆறு மணிக்கு மேல் ஆனால் காப்பகத்தில் கூடுதல் காசு கேட்கிறார்கள் என்று ஒரு தடவை யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும்தான் கேட்பாள்.

அக்டோபரில் காக் மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்விட்டு வந்தார். எல்லாருக்கும் ஆளுக்கு நான்கு பேரீச்சம்பழம். என் மேசைக்கு வந்தபோது ஒரு முழு டப்பாவைத் தனியாக எடுத்து வைத்தார். “உன் அப்பாவுக்கு. அங்கே அவருக்காகவும் கேட்டுக்கொண்டேன்.”

இதுதான் துவா உயிரோடு வந்து படியில் நின்ற நேரம். வாயைத் திறந்து சொல்லிவிட அதைவிட நல்ல சமயம் அமையாது. “தெரிமா காசே, காக்” என்றேன். டப்பாவைப் பைக்குள் வைத்தேன். அன்று திங்கட்கிழமை. நான்கு மணிக்கு எழுந்தேன்.

டயாலிசிஸ் செய்கிறவர்கள் பேரீச்சம்பழம் சாப்பிடக்கூடாது. பொட்டாசியம் அதிகம், அவர்கள் உடம்பால் அதை வெளியே தள்ள முடியாது, இதயம் நின்றுபோகக்கூட வாய்ப்பு உண்டு. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே டப்பாவைப் பட்டர்வொர்த்துக்கு அனுப்பவும் முடியாது. எவ்வளவு வசதி. ஜெபாட் சாலை ஓரத்தில் ஒரு திட்டில் உட்கார்ந்து பிரித்தேன். நல்ல பழம், பெரிது பெரிதாக. மூன்று சாப்பிட்டிருப்பேன், போன் வந்தது. அக்கா எண்.

அக்கா பேசவில்லை. நர்ஸை அழுத்தச் சொல்லி அப்பாவே கூப்பிட்டிருக்கிறார். பின்னால் அதே பம்ப் சத்தம்.

“ஆபீஸ்ல இருக்கியா?”

“இல்லப்பா. இன்னைக்குச் சீக்கிரம் முடிஞ்சிருச்சு.”

“இங்க எவனும் பேசமாட்டேங்கிறான். எல்லாம் டிவிய பாத்துக்கிட்டுத் தூங்குறானுங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “அசுவத்தாமன் அப்புறம் என்ன ஆனான்? சொல்லு.”

அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். நெற்றி மணியைப் பிடுங்கிக்கொண்டார்கள், 3000 வருடம் ஆறாத புண்ணோடு யாரோடும் பேசாமல் தனியாக அலைய வேண்டும் என்று கண்ணன் சபித்தான் என்று ஆரம்பித்தேன்.

“வாயில என்ன?”

“பேரீச்சம்பழம்பா. ஆபீஸ்ல ஒருத்தவங்க குடுத்தாங்க. உங்களுக்குன்னு.”

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

“எனக்குத்தான் ஆகாதே” என்றார். “நீ சாப்பிடு.”

நான்காவதை எடுத்தேன். கொட்டையைப் போடக் குப்பைத்தொட்டி எதுவும் கண்ணில் படவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆறரை வரைக்கும் பேசினோம். வைக்கும்போது, “புதன்கிழமை இதே நேரத்துக்குக் கூப்பிடுறேன்” என்றார்.

ஆகவே புதன்கிழமை நான்கு மணிக்கு எழுந்தபோது எனக்குக் காரணம் இருந்தது. பையைத் தோளில் மாட்டினேன். அடுத்த மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினாள். லிஃப்டுக்குப் போகும் வழியில் பின்னால் என் மேசை போன் அடிக்க ஆரம்பித்தது. மூன்றாவது மணியில் அவள் எடுத்துவிட்டாள்.